பசையக்கா கெடுத்த பற்கள்

பல்லைப் பிடுங்கிய பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறோம். சனியன் விட்டது என்று மறந்தும் போகிறோம். அது குப்பைக்குப் போகிறது என்று நினைத்தால் தப்புக் கணக்கு. சொத்தை விழாத நல்ல பல்லாக இருந்து, பிடுங்கிய இடம் பல் மருத்துவக் கல்லூரியாகவும் இருந்துவிட்டால், "இத நாங்க வெச்சிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கழுவி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுவிடுவார்கள். அந்த ஜாடி போய்ச் சேருகிற இடம் கீழ்த்தளத்தில், பிளாஸ்டர் அறைக்குப் பின்னால், சன்னலே இல்லாத ஓர் அறை. அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவளைத்தான் எல்லோரும் பசையக்கா என்று கூப்பிடுவார்கள்.

பெற்றவர்கள் ஆசையாக வேறு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளம் போடுகிற பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். புதிதாக வருகிற மாணவர்கள் பசையக்கா என்றதும் வசதியான பெண்மணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். "உங்க நெனப்புல இருக்கற பசை எங்கிட்ட இல்லப்பா. எங்கிட்ட இருக்கறது பல்லு ஒட்டற பசை. வேணும்னா வாய ஒட்டி விடறேன், கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பல் நிறத்திலேயே அடைக்கிறார்களே, அந்த அடைப்பு விழாமல் இருக்க ஒரு பசை வேண்டும். பல்லின் மேலே வெள்ளை ஓடாக இருக்கிற எனாமலில் எந்தப் பசையும் சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடியில் மஞ்சளாக இருக்கிறதே டென்டின், அதுதான் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குழாய் குழாயாக இருக்கும், குழாயெல்லாம் ஈரமாக இருக்கும். ஈரத்தில் ஒட்டு என்றால் எந்தப் பசைக்குத்தான் எரிச்சல் வராது? எந்தப் பசை டென்டினை எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று சோதித்துப் பார்ப்பதுதான் அந்த அறையின் ஒரே வேலை.

பல்லை ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள் நிறுத்தி வைத்து, வைரப்பொடி பதித்த வட்ட ரம்பத்தால் சொட்டுத் தண்ணீருக்கு அடியில் மேல் ஓட்டைச் சீவி எறிய வேண்டும். மஞ்சள் தெரிந்ததும் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். நீல நிற அமிலத்தைப் பூசிக் கழுவ வேண்டும். அப்புறம் பசை. அதன்மேல் நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, அடைக்கிற பொருளைக் குட்டிக் கம்பம் மாதிரி நட வேண்டும். உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீரில் ஊறிய பிறகு, இழுக்கிற எந்திரத்தில் மாட்டினால், எவ்வளவு பலத்துக்குத் தாங்கியது என்று திரையில் எண் வரும். இவ்வளவுதான் கதை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் ஏமாந்து போவீர்கள்.

அமிலத்தைக் கழுவியதும் ஒரு கண்டம் இருக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. காய்ந்தும் போகக்கூடாது. அமிலம் பட்ட டென்டின் நீரில் ஊறிய பஞ்சைப் போல இழை இழையாக எழுந்து நிற்கும். அந்த இழைகளுக்கு நடுவே பசை இறங்கினால்தான் பிடிப்பு. காற்றுக் குழாயை ஒரு மூச்சு அதிகமாக அழுத்திவிட்டால் இழையெல்லாம் சுருண்டு படுத்துவிடும், பசை மேலோடு நின்றுவிடும். பார்வைக்கு நன்றாக ஒட்டின மாதிரியே இருக்கும். இழுத்தால் பொட்டென்று கழன்று வரும். மேலே மினுமினுப்பு மட்டும் நிற்கிற அந்த நொடியில் கட்டைவிரலை எடுக்கத் தெரிய வேண்டும். புத்தகத்தில் அதைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கே விரல் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. பசையக்காவின் விரல் என்றைக்கும் கேட்டது.

அவள் பிளாஸ்டர் அறையில் அச்சு ஊற்றுகிறவளாகத்தான் வேலைக்கு வந்தாள். துறைத் தலைவரான பெரிய மேடம் அப்போதுதான் இந்தச் சோதனைகளை ஆரம்பித்திருந்தார். ஒட்டி வைத்ததெல்லாம் எந்திரத்தில் மாட்டுவதற்கு முன்பே உதிர்ந்துகொண்டிருந்த காலம். "நீயும் ரெண்டு ஒட்டிப் பாரேன்" என்று ஒரு நாள் விளையாட்டுக்குக் கூப்பிட்டார். இவளும் விளையாட்டுக்குத்தான் போனாள். அன்றைக்கு ஒட்டியது எல்லாம் தாங்கியது, ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாமல் தாங்கியது. மறுவாரமே அவளை அந்த அறைக்கு மாற்றிவிட்டார்கள். பாராட்டு மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிய வெகு காலம் ஆயிற்று.

ஏனென்றால் இந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. ஓர் ஆய்வுக்கு ஒரே கைதான். பாதியை ஒருத்தியும் பாதியை இன்னொருத்தியும் ஒட்டினால், கூடுதலாகத் தாங்கியது பசையாலா, கையாலா என்று யார் சொல்வது? ஆகவே தொடங்கிய கையே முடிக்க வேண்டும். சில பற்களை மாதக்கணக்கில் தண்ணீரில் போட்டு வைத்து, பிடிப்பு குறைகிறதா என்று பார்ப்பார்கள். அவை ஊறி முடிப்பதற்குள் அடுத்த ஆய்வு தொடங்கிவிடும். அதற்கும் இவள் கைதான் வேண்டும், பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமே. அது முடிவதற்குள் இன்னொன்று. ஆய்விதழில் அச்சாகும்போது, ஒட்டும் வேலை முழுவதையும் ஒரே நபர் செய்தார் என்று ஒரு வரி வரும். அந்த ஒரே நபர் நம் பசையக்காதான். முதல் தடவை பெரிய மேடம் அந்த வரியை வாசித்துக் காட்டியபோது பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். "பேர் போடலையா?" என்று கேட்டார் மனுஷன். சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். துறைமுக ஊரில் நிரந்தர வேலை கிடைத்தபோது, விடுவாரா? அது பஸ்ஸில் ஒரு முழுப் பகல் தூரம். மகளையும் அழைத்துக்கொண்டு அவர் முன்னால் போவது, கையில் இருக்கிற பேட்ச்சை முடித்துக்கொண்டு இவள் பின்னால் வருவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். மகளுக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்து ஓட்டைவாயாக இருந்தாள். இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. நடுவில் முளைத்த பல் எதையும் முளைக்கும்போது அம்மா பார்க்கவில்லை. பேட்ச் இன்னும் முடியவில்லை.

மாதம் ஒரு தடவை போய் வருவாள். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கினால் ஞாயிறு மத்தியானம் திரும்ப பஸ் ஏற வேண்டும். போன தடவை அங்கே சமையலறையில் நின்றுகொண்டு கரண்டியைத் தேடினாள். ஓர் இழுப்பறையைத் திறந்தாள், இல்லை. இன்னொன்றைத் திறந்தாள், இல்லை. மகள் எட்டிப் பார்த்து, "அங்க இல்லம்மா, அதெல்லாம் எப்பவோ மாத்திட்டோம். நீ உக்காரு, நான் எடுக்கறேன்" என்றாள். விருந்தாளியிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். தன் வீட்டில் கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதவளும் ஒரு பெண்டாட்டியா, ஒரு தாயா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பயணத்தில்தான் வீட்டுக்காரர் ஒரு சேதி சொன்னார். அதே கல்லூரியின் கிளை மருத்துவமனை ஒன்று துறைமுக ஊரில் இருக்கிறது. அங்கே கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைக்கிற அறையில் ஓர் இடம் காலியாகிறது. ஒன்றாம் தேதிக்குள் ஆள் போகாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். "இந்த ஒரு வருஷம்தான் குட்டி நம்மகூட இருக்கப்போறா. அப்புறம் படிக்கறேன்னு எங்கயாவது ஹாஸ்டலுக்குப் போயிடுவா. பாத்துக்க" என்றார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பாத்துக்க என்ற அந்த ஒரு வார்த்தை பஸ்ஸில் கூடவே உட்கார்ந்து வந்தது.

மறுநாளே பெரிய மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

"வாம்மா. உட்காரு."

உட்காரச் சொன்னாலே பசையக்காவுக்குப் பயம். கல்நெஞ்சக்காரியாக இருந்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். பெரிய மேடம் அப்படி இல்லை. காய்ச்சல் என்று கேட்டால் லீவு கொடுப்பார், மாத்திரையும் வாங்கித் தருவார். மகளின் படிப்பை விசாரிப்பார். இப்படிப்பட்டவரிடமிருந்து எப்படிப் பிய்த்துக்கொண்டு போவது?

"மேடம், எம் பொண்ணுக்கு இது கடைசி வருஷம். அவ ஹாஸ்டலுக்குப் போனப்புறம் நான் அங்க போயி யாருக்கு ஆக்கிப் போடறது? என்ன இந்தத் தடவ விட்டுடுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியுதும்மா. தாடியோட செட் ஒண்ணுதான் பாக்கி. ஒட்டறத மட்டும் முடிச்சுக் குடுத்துடு. ஊற வைக்கறது, இழுக்கறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். மாசக் கடைசில நானே உன்ன பஸ் ஏத்தி விடறேன்."

தாடி என்பது மேல்படிப்பு படிக்கிற இளம் டாக்டர். இரண்டு பசைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவனுடைய பட்டத்துக்கான ஆய்வு. அவனுக்கு முன்னால் ஒரு குட்டை டாக்டர் இருந்தாள், அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக்காரன். ஒவ்வொருவர் காலத்திலும் இந்த ஒரு செட்தான் பாக்கி இருந்தது, ஒவ்வொரு தடவையும் மேடம் பஸ் ஏற்றி விடுவதாகச் சொன்னார். அந்த வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டுப் பசையக்காவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

அவள் கதவுவரை போனதும் மேடம் சிரித்துக்கொண்டே, "உன் கை கொஞ்சம் கெட்டுப்போனாக்கூட எப்பவோ விட்டிருப்பேன். கெட மாட்டேங்குதே, நான் என்ன பண்ண!" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் படி இறங்கி வரும்போது பசையக்காவின் காதில் வேறு எதுவும் விழவில்லை. கை கெட்டால் விட்டுவிடுவார்கள். கெட்ட கையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்?

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்ல வேண்டியதும் இல்லை, ஒரு மூச்சுக் காற்று அதிகமாக ஊதினால் போதும்.

மறுநாள் காலையில் முதல் பல்லை எடுத்தாள். அமிலத்தைப் பூசினாள், கழுவினாள், காற்றுக் குழாயைப் பிடித்தாள். மினுமினுப்பு வந்த நொடியில் கட்டைவிரல் தானாக எழுந்துகொண்டது. பழகின விரலல்லவா? "அட, இருடா" என்று அதட்டி மறுபடியும் அழுத்தினாள். மினுமினுப்பு போயிற்று. மஞ்சள் வெளுத்து, சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஆயிற்று. யாரோ ஒருவர் வலியோடு வாயைத் திறந்து கொடுத்துவிட்டுப் போன பல், இதைக் கெடுக்க நீ யார் என்று உள்ளே ஒன்று கேட்டது. குட்டிக்கு இது கடைசி வருஷம் என்று அதற்குப் பதில் சொன்னாள். பசையைப் பூசினாள், விளக்கைக் காட்டினாள், கம்பத்தை நட்டாள்.

தாடி அறையின் மறு மூலையில் ரம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் ஓயாது. "அக்கா, இது முடிஞ்சா எனக்குப் பட்டம். பட்டம் வந்தா கல்யாணம். ரெண்டுக்கும் உங்க கைதான் சாட்சிக் கையெழுத்து" என்றான். "கையெழுத்துப் போடத் தெரியாத கை இது" என்று சொல்லிவிட்டு அடுத்த பல்லைக் காய வைத்தாள். அன்றைக்கு அதற்கு மேல் அவள் பேசவில்லை. தலைவலி என்று நினைத்துக்கொண்டு அவனே சத்தம் போடுகிற ரம்பத்தை நிறுத்தி வைத்தான்.

முதலில் நாலைந்தைக் கெடுத்தால் போதும் என்று நினைத்திருந்தாள். ஆனால் நாலைந்து மட்டும் விழுந்தால் பல்லின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்வார்கள், அது அவளுக்குத் தெரியும். ஆகவே ஜாடி காலியாகும்வரை கெடுத்தாள். எல்லாவற்றையும் கெடுத்து முடித்த அன்று, தான் தங்கியிருந்த அறைக்குப் போய்ச் சோறு இறங்காமல் படுத்துக்கொண்டாள்.

இழுக்கிற நாள் வந்தது. தாடி முதல் துண்டை மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். திரையில் கோடு ஏறியது. பாதிகூட ஏறவில்லை, பொட்டென்று சத்தம் கேட்டது, கோடு செங்குத்தாக விழுந்தது. "ஒண்ணு போனா போகட்டும்" என்றான். அடுத்ததும் பொட்டென்றது. அதற்கடுத்ததும் அப்படியே. இரண்டாவது பசையால் ஒட்டியதை மாட்டிப் பார்த்தார்கள், அதற்கும் அதே கதிதான். கொஞ்ச நேரத்தில் தாடி பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் வாய் மூடி அவள் பார்த்ததே இல்லை. இனிமேல் தன்னை யாரும் பிடித்து வைக்க முடியாது என்று அவள் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. சந்தோஷம் வரவில்லை.

பெரிய மேடம் கூப்பிட்டு அனுப்பினார். உடைந்த துண்டுகளை எல்லாம் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவச் சாத்து. தாடி தன்மேலயே பழியப் போட்டுக்கறான். ஜாடித் தண்ணிய ஒழுங்கா மாத்தலயாம், அதனால பல்லு கெட்டுப்போச்சாம். நீ என்ன சொல்ற?"

"எனக்குத்தான் வயசாயிடுச்சு மேடம். கை முன்ன மாதிரி இல்ல. கண்ணும் மங்குது." ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம்.

மேடம் உருப்பெருக்கியை அவள் பக்கம் திருப்பினார். "கை கெட்டுப்போனா எண்ணு சிதறும். ஒண்ணு மேல போவும், ஒண்ணு பாதாளத்துக்குப் போவும். புதுசா வந்தவங்க ஒட்டினதெல்லாம் அப்படித்தானே இருந்துச்சு? இதப் பாரு. ஒவ்வொண்ணும் ஒரே அளவுக்கு விழுந்திருக்கு. ஒரே இடத்துல விட்டிருக்கு. நல்லா ஒட்டறப்போகூட உனக்கு இவ்வளவு ஒழுங்கா வந்ததில்ல. கெடுக்கறதக்கூட நீ ஒழுங்காத்தான் கெடுத்திருக்க."

பசையக்கா உருப்பெருக்கிக்குள் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காய வெச்சியா?"

"ஆமா மேடம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். கை கெட்டுப்போச்சுன்னா விட்டுடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "அடிப்பாவி. துறைமுக ஊர்க் கிளினிக்குல எடம் காலியாகுதுன்னு தெரிஞ்சதுமே நான் பேசிட்டேன். ஒண்ணாந்தேதி அவ வந்துடுவான்னு சொல்லிட்டேன். சொல்லி வெச்ச அப்புறம்தான் நீ வந்து கேட்ட. ஒட்டி முடிச்சிருந்தா இந்நேரம் நீ பெட்டி கட்டிட்டு இருந்திருப்ப."

கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மாசக் கடைசில பஸ் ஏத்தி விடறேன்னு சொன்னேனே."

"அதத்தான் எப்பவும் சொல்வீங்களே மேடம்!" குரல் எகிறிவிட்டது. அந்த அறையில் அவள் குரலை உயர்த்துவது அதுதான் முதல் தடவை. "குட்ட டாக்டர் இருந்தப்பவும் அதத்தான் சொன்னீங்க. அதுக்கு முன்னாடியும் அதத்தான் சொன்னீங்க. இந்தத் தடவ நெஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? எத வெச்சுக்கிட்டு உங்கள நம்புவேன் நான்?"

மேடத்துக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. "ஆமா. எப்பவும் சொல்லியிருக்கேன்" என்றார் மெதுவாக. "இதுல பாதித் தப்பு என்னுது. நீ போயிட்டா என்ன பண்றதுன்னு பயந்து பயந்தே சொல்லிட்டேன். போ, போயிடு. நான் குடுத்த சொல்லு குடுத்ததுதான். தாடிகிட்ட நான் எதுவும் சொல்லப்போறதில்ல."

"அவரு படிப்பு?"

"மறுபடி முதல்லேர்ந்துதான். நல்ல பல்லு சேரணும். யாரு தினமும் சொத்த இல்லாத பல்லப் பிடுங்கிக் குடுத்துட்டுப் போறாங்க? ஜாடி நெறைய இந்த வருஷம் பூரா ஆயிடும். நெறஞ்சாலும் ஒட்ட ஆள் வேணும். அது உன் கவல இல்ல, என் கவல."

ஒருவேளை திட்டியிருந்தால், வெளியே போ என்று கத்தியிருந்தால், பசையக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். இந்த நல்ல மனசு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கட்டிப்போடுகிற கயிறு. படி இறங்கிக் கீழே போனாள்.

தாடி காலி ஜாடியைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கைவரை சோப்பு நுரை. "மேடம் உங்களத் திட்டினாங்களாக்கா? உங்கமேல தப்பு இல்லன்னு நான் சொல்லிட்டேன். எல்லாம் என் சோம்பேறித்தனம். தண்ணிய மாத்துடான்னு நீங்க எத்தன தடவ சொல்லியிருப்பீங்க" என்றான்.

பூசி மெழுகிவிட்டுப் போயிருக்கலாம். மேடமே வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்ன பிறகு இவளுக்கு என்ன வந்தது? ஆனால் அந்த நுரைக் கையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"தம்பி, ஜாடிய வெச்சிடுங்க. தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. பல்லும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் காய வெச்சேன். வேணும்னே காய வெச்சேன்."

அவன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். குழாயை மூடினான்.

"ஏன்க்கா?"

"எம் பொண்ணுகிட்டப் போகணும். வேற வழி தெரியல."

தாடி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக அவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் நுரையோடு தாடியைச் சொறிந்துகொண்டான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. மேடம் கால்ல விழுந்தாவது அனுப்பி வெச்சிருப்பேனே" என்றான். அப்புறம், அவளிடம் சொல்வதாக இல்லாமல், "அப்போ என் வருஷம் போச்சு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"போவாது. நான் இருந்து ஒட்டித் தரேன்."

யார் பேசியது என்று ஒரு கணம் அவளே திடுக்கிட்டாள். வாய் முந்திக்கொண்டுவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை, தாடி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டான். சன்னல் இல்லாத அந்த அறையில், எந்திரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில், இந்த வருஷமும் போயிற்று என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நாளும் மற்றவர்கள் பூட்டினார்கள். இந்தத் தடவை பூட்டியது அவளேதான், யார்மேல் போய்ப் பாய்வது?

சாயங்காலம் பிளாஸ்டர் அறைக்கு வெளியே இருந்த படிக்கட்டில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

"சொல்லும்மா! பேட்ச் முடிஞ்சுதா? ஒண்ணாந்தேதி வர்றியா? உன் பல்லெல்லாம் உன்ன விட்டுக்குடுத்துச்சா, இல்ல கடிச்சுப் பிடிச்சு வெச்சிருக்கா?"

அவளுக்கு நாக்கு நுனியில் பழைய பதில்தான் வந்து நின்றது. அடுத்த மாசம் கண்ணு, இந்த ஒரு செட்தான் பாக்கி. அதைச் சொன்னால் மகள் முணுமுணுப்பாள், அப்பாவிடம் புகார் சொல்வாள், இரண்டு நாளில் சரியாகிவிடும். எப்போதும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பதில் தொண்டையைத் தாண்டவில்லை.

"குட்டி, நான் வரல."

"இந்த மாசமா?"

"இந்த வருஷம்."

பசையக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காய வைத்தது, மாட்டிக்கொண்டது, தாடிக்குத் தானே வாக்குக் கொடுத்தது, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. துடைத்துக்கொண்டே சொன்னாள். "உன்கிட்ட வரத்தான்டி செஞ்சேன். என்னத் திட்டு. நல்லா நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி திட்டு" என்றாள்.

மகள் திட்டவில்லை. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள்.

"எத?"

"வரமாட்டேன்னு. நீ ஒரு தடவகூட வரமாட்டேன்னு சொன்னதே இல்ல. அடுத்த மாசம், அடுத்த பேட்ச்சுன்னுதான் சொல்வ. நீ சொல்றப்பல்லாம் நான் அலமாரில நடுத்தட்டக் காலி பண்ணி வெச்சிடுவேன், உன் துணிக்கு. சின்ன வயசுல ஒரு பயம்மா. நீ வந்து பாத்துட்டு, துணி வைக்க எடமில்லன்னு திரும்பிப் போயிடுவியோன்னு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு. என் புத்தகமெல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு. அப்பா கேப்பாரு, ஏன் தரையில போட்டிருக்கன்னு. நான் சொன்னதில்ல."

பசையக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கரண்டியைத்தான் தேடினாள், அலமாரியை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்போ இனிமே அங்க என் புத்தகத்த வெச்சிக்கட்டுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அனுமதிதான் கேட்டாள். அதற்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு தாய்க்கு வாய் துடிக்கும். இன்னும் ஒரே ஒரு மாசம் காலியாக வைத்திரு என்று சொல்லத் துடிக்கும்.

"வெச்சிக்கோம்மா" என்றாள்.

மகள் போனை வைக்காமல் எங்கோ மேலே நிறுத்திவிட்டுப் போனாள் போலிருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கிற சத்தம் கேட்டது, தூசியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக அலமாரியில் வைக்கிற சத்தம். பசையக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு, தட்டு நிறைகிறவரை கேட்டுக்கொண்டே நின்றாள்.